வர்ஜீனியா கேவலியர்ஸ் 2018–19: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்காவின் வர்ஜீனியா பல்கலைக்கழக ஆண்கள் கூடைப்பந்து அணி 2018–19 சீசனில் 38 ஆட்டம் ஆடி 35 வென்றது, 3 தோற்றது. கல்லூரி விளையாட்டுகளை நடத்தும் என்சிஏஏ அமைப்பின் தேசியப் பட்டத்தையும் முதல் முறையாக எடுத்தது. தொழில்முறை லீகான என்பிஏவை மட்டும் பார்த்துப் பழகியவர்கள், கல்லூரி ஆட்டத்தை இப்போதுதான் தொட்டுப் பார்ப்பவர்கள், பயிற்சி கொடுப்பவர்கள் என்று பலரும் இந்த சீசனைப் பற்றித் திரும்பத் திரும்பக் கேட்பவற்றுக்கு இங்கே பதில்கள் இருக்கின்றன.

ஒரு கல்லூரி அணி கோப்பை வென்றதில் அப்படி என்ன விசேஷம்?

முந்தைய ஆண்டு நடந்ததுதான் விசேஷம். 2018 மார்ச் 16 அன்று சார்லட் நகரில், போட்டியின் முதல் சுற்றிலேயே வர்ஜீனியா 54–74 என்று யூஎம்பிசியிடம் தோற்றது. யூஎம்பிசி என்பது பால்டிமோர் கவுண்டியில் உள்ள மேரிலாந்து பல்கலைக்கழகம். போட்டியில் தன் குழுவுக்குள் அதன் தரவரிசை 16, அதாவது கடைசி. வர்ஜீனியாவோ மொத்தப் போட்டிக்கும் முதலிடம். அதுவரை ஆண்கள் பிரிவில் 16-ஆம் இட அணிகள் முதலிட அணிகளை 135 முறை சந்தித்து 135 முறையும் தோற்றிருந்தன. 136-ஆவது முறை சிக்கியது வர்ஜீனியா. அதே பயிற்சியாளர், ஏறக்குறைய அதே ஆட்டக்காரர்கள், அதே டிஃபென்ஸ். அடுத்த ஆண்டு பட்டம்.

யூஎம்பிசி ஆட்டத்தில் எது தப்பாகப் போனது?

முதல் பாதி 21–21. இரண்டாம் பாதியில் மட்டும் யூஎம்பிசி 53 புள்ளி எடுத்தது. அந்த சீசனில் வர்ஜீனியா முழு ஆட்டத்துக்குமே விட்டுக்கொடுத்த சராசரி 54-ஐ ஒட்டித்தான் இருந்தது என்பதை வைத்துப் பார்த்தால் அந்த 20 நிமிடம் எவ்வளவு மோசம் என்று புரியும்.

மூன்று காரணங்கள் ஒன்றாகச் சேர்ந்தன. ஒன்று, டிஆண்ட்ரே ஹன்ட்டர் மணிக்கட்டு முறிந்து ஆடவில்லை. கார்டையும் (வெளியே நின்று பந்தைக் கொண்டுவருபவர்) காப்பார், உயரமானவரையும் காப்பார் என்று அணியில் இருந்த ஒரே ஆள் அவர்தான். இரண்டு, யூஎம்பிசி மூன்று-புள்ளி எறிதலில் 24-க்கு 12 போட்டது. வர்ஜீனியா 22-க்கு 4. மூன்றாவதுதான் முக்கியமானது: பின்தங்கினால் வேகமாக எட்டிப்பிடிக்க அந்த அணியிடம் வழியே இல்லை. பத்து புள்ளி பின்தங்கியதும் எல்லாரும் அவசரமாக வெளியிலிருந்து எறிய ஆரம்பித்தார்கள். தவறிய ஒவ்வொரு நீண்ட எறிதலும் தூரமாகத் தெறித்து (இப்படித் தெறிக்கும் பந்துதான் ரீபவுண்ட்), எதிரணி வேகமாகப் பாய்ந்து புள்ளி எடுக்கும் வாய்ப்பாக மாறியது. ஜைரஸ் லைல்ஸ் 28 புள்ளி எடுத்துவிட்டுப் போனார்.

"மெதுவாக ஆடினால் இப்படித்தான் ஆகும்" என்கிறார்களே, உண்மையா?

பாதி உண்மை. ஒரு அணி பந்தைக் கையில் எடுத்ததிலிருந்து அதை இழக்கும் வரை ஒரு பொசஷன். 2018–19-இல் முதல் பிரிவில் இருந்த 353 அணிகளில் வர்ஜீனியாதான் ஆக மெதுவானது: ஆட்டத்துக்கு ஏறத்தாழ 60 பொசஷன். பொசஷன் குறையக் குறைய, வலுவான அணியின் சாதகம் வெளிப்பட வாய்ப்பும் குறையும். நாணயத்தைப் பத்து முறை சுண்டினால் ஏழு தலை விழுவது சகஜம், ஆயிரம் முறை சுண்டினால் எழுநூறு விழாது, அதே கணக்கு. 75 பொசஷனுக்குப் பதில் 60 ஆடினால், பலமான அணியின் சாதகம் தற்செயலோடு ஒப்பிடும்போது சுமார் 10 சதவீதம் மங்கும்.

ஆனால் 10 சதவீதம்தான். 20 புள்ளித் தோல்வியை அது விளக்காது. அதோடு, வர்ஜீனியா வேண்டுமென்றே கடிகாரத்தைத் தின்றது என்பதும் முழுச் சரி அல்ல. அவர்களுடைய டிஃபென்ஸ் எளிதான எறிதலைத் தராததால் எறிவதற்கு இருக்கும் 30 விநாடியில் பெரும்பகுதியை எதிரணிதான் செலவழித்தது. வேகத்தைக் குறைத்ததில் எதிரணிக்கும் சம பங்கு உண்டு.

கல்லூரி சீசன் எப்படி நடக்கிறது?

முதல் ஆட்டத்துக்கு 42 நாளுக்கு முன்பு முழுப் பயிற்சி தொடங்கலாம். அந்த 42 நாளில் 30 பயிற்சிதான் அனுமதி. சீசன் நடக்கும்போது வாரத்துக்கு 20 மணி நேரம், ஒரு நாளைக்கு 4 மணி நேரம் என்பது உச்சவரம்பு. வாரத்தில் ஒரு நாள் கட்டாய ஓய்வு.

வர்ஜீனியா 2018 நவம்பர் 6 அன்று டவுசன் அணியை 73–42 என்று வென்று தொடங்கியது. பிறகு பஹாமாஸ் தீவில் மூன்று நாள் போட்டி. இறுதியில் விஸ்கான்சினை 53–46 என்று வென்று கோப்பை. டிசம்பர் முடிவதற்குள் தன் மாநாட்டுக்கு (லீக் போன்ற கல்லூரிக் குழு) வெளியே உள்ள அணிகளோடு 12 ஆட்டம், பன்னிரண்டும் வெற்றி. ஜனவரி முதல் மார்ச் தொடக்கம் வரை ஏசிசி என்ற தன் மாநாட்டுக்குள் 18 ஆட்டம். டியூக், நார்த் கரோலினா எல்லாம் இருக்கும் அந்த மாநாட்டில் 16–2 என்று முடித்து நார்த் கரோலினாவோடு முதலிடத்தைப் பகிர்ந்துகொண்டது. அடுத்து மாநாட்டுக் கோப்பை, அதன் பிறகு 68 அணிகள் ஆடும் தேசியப் போட்டி. இந்தக் கடைசிக் கட்டத்தைத்தான் "மார்ச் மேட்னஸ்" என்கிறார்கள்.

அந்த 68 அணிகளை யார் தேர்ந்தெடுக்கிறார்கள்?

32 மாநாடுகளின் கோப்பையை வெல்பவர்களுக்கு இடம் தானாகக் கிடைக்கும். மீதி 36-ஐ ஒரு குழு தேர்வு செய்யும். நெட் என்ற புதிய தரவரிசை 2018–19-இல்தான் ஆர்பிஐ என்ற பழைய தரவரிசையின் இடத்தைப் பிடித்தது. அதில் வெற்றிகளை நான்கு தரமாகப் பிரிப்பார்கள். சொந்த மைதானத்தில் முதல் 30 இடத்துக்குள் உள்ள அணி, பொது மைதானத்தில் முதல் 50, எதிரியின் மைதானத்தில் முதல் 75 என்றால் அது முதல் தர ஆட்டம். அதனால்தான் வெளியூரில் ஒரு நடுத்தர அணியை வெல்வது, உள்ளூரில் ஒரு நல்ல அணியை வெல்வதற்குச் சமமாக எண்ணப்படுகிறது.

என்பிஏ விதிகளிலிருந்து என்ன வித்தியாசம்?

கல்லூரியில் 20 நிமிடம் வீதம் இரண்டு பாதி, 5 நிமிடக் கூடுதல் நேரம். எறிவதற்கு 30 விநாடி. ஐந்து ஃபவுலில் ஆட்டக்காரர் வெளியே. ஒரு பாதியில் எதிரணியின் 7-ஆவது ஃபவுலிலிருந்து "ஒன் அண்ட் ஒன்": முதல் ஃப்ரீ த்ரோ விழுந்தால்தான் இரண்டாவது. 10-ஆவதிலிருந்து நேராக இரண்டு. 2018–19-இல் மூன்று-புள்ளிக் கோடு 20 அடி 9 அங்குலத்தில் இருந்தது. அடுத்த சீசனில்தான் உலகக் கூட்டமைப்பின் அளவான 22 அடி 1¾ அங்குலத்துக்கு, அதாவது 6.75 மீட்டருக்கு, போனது. இதைக் கொஞ்சம் நினைவில் வையுங்கள், கீழே வேலைக்கு வரும்.

அணியில் யார் யார்?

பயிற்சியாளர் டோனி பென்னட். 2009-இல் வந்தவர், இது அவருக்குப் பத்தாவது சீசன். டிஃபென்ஸ்காரர் என்று பெயரெடுத்த இவர், கல்லூரியில் ஆடிய காலத்தில் மூன்று-புள்ளி எறிதலில் 49.7 சதவீதம் வைத்து என்சிஏஏ சாதனை படைத்தவர் என்பது பலருக்குத் தெரியாது.

புள்ளி எடுத்தவர்கள் மூவர். கைல் கை, 6 அடி 2 அங்குலம், ஆட்டத்துக்கு 15.4 புள்ளி; ஸ்கிரீனை, அதாவது காவலரை மறித்து நிற்கும் சக ஆட்டக்காரரை, சுற்றி ஓடிவந்து நிற்காமல் எறிவார். டை ஜெரோம், 6 அடி 5, 13.6 புள்ளியும் 5.5 அசிஸ்டும் (புள்ளியாக மாறிய பாஸ்), வேகம் கிடையாது, ஆனால் எப்போது நிற்க வேண்டும் என்று தெரிந்தவர். ஹன்ட்டர், 6 அடி 7, 15.2 புள்ளி, அந்த ஆண்டு பயிற்சியாளர் சங்கத்தின் தேசிய டிஃபென்ஸ் விருது அவருக்கு.

இவர்களைச் சுற்றி நியூசிலாந்தின் ஜாக் சால்ட், கினியிலிருந்து வந்த மமாடி டியாகிட்டே, 7 அடி 1 அங்குல ஜே ஹஃப், அலபாமாவிலிருந்து மாறிவந்த பிராக்ஸ்டன் கீ, முதலாண்டு மாணவர் கிஹே கிளார்க். கிளார்க்கின் உயரம் 5 அடி 9. பட்டியலில் கடைசியில் நிற்கும் இந்தப் பையன் இல்லாமல் பட்டம் இல்லை. ஏன் என்று பர்டியூ ஆட்டத்தில் பாருங்கள்.

"ரெட்ஷர்ட்" என்றால் என்ன?

ஐந்து ஆண்டுக்குள் நான்கு சீசன் ஆடலாம் என்பது விதி. ஒரு ஆண்டு பயிற்சி மட்டும் எடுத்து, ஆட்டத்தில் இறங்காமல் இருந்தால் அந்த ஆண்டு கணக்கில் சேராது. ஹன்ட்டர், டியாகிட்டே, சால்ட், ஹஃப் நால்வரும் முதலாண்டில் இப்படி உட்கார்ந்தவர்கள்தான். உட்கார்ந்த ஆண்டில் உடம்பு தேறும், டிஃபென்ஸ் முறை பழகும். பெரிய கல்லூரிகள் ஓராண்டில் என்பிஏவுக்குப் பறக்கும் பையன்களைத் தேடிக்கொண்டிருந்தபோது, பென்னட் மூன்று நான்கு ஆண்டு தங்குபவர்களைத் தேடினார்.

பேக்லைன் டிஃபென்ஸ் எப்படி வேலை செய்கிறது?

இதை உருவாக்கியவர் டோனியின் தந்தை டிக் பென்னட். விஸ்கான்சினை 2000-இல் கடைசி நான்கு வரை கொண்டுபோனவர். கூடையிலிருந்து சுமார் 16 அடியில் ஒரு வளைகோடு இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். பயிற்சிக்கு டேப் ஒட்டியே வரைவார்கள். பந்து வைத்திருப்பவரைக் காப்பவர் மட்டும் கோட்டுக்கு வெளியே போய் நெருக்குவார். மற்ற நால்வரும் கோட்டுக்கு உள்ளேதான், தங்கள் ஆள் வெளியே நின்றாலும்.

வரிசையாகப் பார்த்தால் இப்படி:

1. எறிதல் போனதுமே மூன்று பேராவது பின்னால் ஓட வேண்டும். தன் அணியின் ரீபவுண்டுக்காகக் கூட்டமாகப் பாய்வதில்லை. எதிரணி வேகமாகப் பாய்ந்து புள்ளி எடுத்துவிட்டால் மற்றதெல்லாம் வீண்.

2. பந்தைக் காப்பவர் பேஸ்லைன் (கூடைக்குப் பின்னாலுள்ள எல்லைக்கோடு) பக்கம் வழிவிடக் கூடாது. உதவி நடுவில்தான் இருக்கிறது. பந்து அங்கே போகட்டும்.

3. அடுத்த பாஸ் தூரத்தில் நிற்பவர்கள் தங்கள் ஆளுக்கும் பந்துக்கும் இடையிலுள்ள சந்தில் ஒரு காலை வைத்து நிற்பார்கள். டிரிபிள் செய்து, அதாவது பந்தைத் தரையில் தட்டிக்கொண்டு, வருபவருக்குச் சந்து மூடியே தெரிய வேண்டும்.

4. பந்து வெளியே பாஸ் ஆனால் குறுகிய எட்டுகளோடு, கையை உயர்த்தி எதிரே போய் நிற்க வேண்டும். தாவக் கூடாது. இந்த எதிர்நகர்வுதான் மொத்த முறையின் உயிர். ஒரு எட்டு அதிகமாக வைத்தால் ஆள் தாண்டிப் போவார், ஒரு எட்டு குறைந்தால் எறிவார்.

5. மேலே பந்துக்கு ஸ்கிரீன் வந்தால் உயரக்காரர் வெளியே வந்து டிரிபிள் செய்பவரை இரண்டு மூன்று எட்டு பின்னுக்குத் தள்ளிவிட்டு ஓடித் திரும்புவார். சால்ட் இதில் கில்லாடி. புள்ளிப் பட்டியலைப் பார்த்து "இவர் எதற்கு" என்று கேட்பவர்கள் பார்க்கத் தவறுவது இதைத்தான்.

6. கூடை அருகே உள்ள ஆளுக்குப் பந்து போனால், மற்ற உயரக்காரர் உடனே வந்து இரட்டைக் காவல்.

7. எறிந்ததும் எல்லாரும் ஆளைத் தடுத்து நின்று ரீபவுண்ட் எடுப்பது. எதிரணிக்கு ஒரு பொசஷனில் ஒரே எறிதல்.

பலன்: அந்த சீசனில் வர்ஜீனியா விட்டுக்கொடுத்தது ஆட்டத்துக்கு 56.1 புள்ளி, தேசத்திலேயே குறைவு. இதைக் கற்றுக்கொள்ள எவ்வளவு காலமாகும் என்று கேட்டால், நிற்கும் இடம் ஒரு வாரத்தில் வந்துவிடும். ஐந்து பேரும் ஒரே நேரத்தில் நகர்வது ஒரு சீசனுக்கு முன்னால் வராது.

அப்படியானால் இதை உடைப்பது எப்படி?

வெளியிலிருந்து. நால்வர் உள்ளே நிற்கும்போது மறுபக்கம் ஒருவர் திறந்தே இருப்பார். தலைக்கு மேலாக ஒரு நீண்ட பாஸ், அல்லது இரண்டு விரைவான பாஸ், அதன் பிறகு யோசிக்காத எறிதல். 2019-இல் மூன்று தோல்வியில் இரண்டு டியூக்கிடம். ஜனவரி 19 அன்று 70–72. அன்று வர்ஜீனியா தானே மூன்று-புள்ளியில் 17-க்கு 3 போட்டுக் கெடுத்துக்கொண்டது; டியூக்கின் ஆர்.ஜே. பாரட்டும் சயான் வில்லியம்சனும் நேராகக் கூடைக்கே போனார்கள். பிப்ரவரி 9 அன்று சொந்த ஊரான சார்லட்ஸ்வில்லிலேயே 71–81. அந்த சீசனில் டியூக் வெளியிலிருந்து எறிவதில் மோசமான அணி. "எறியட்டும், உள்ளே மட்டும் விடாதே" என்பது நியாயமான கணக்கு. அன்று அவர்கள் 21-க்கு 13 போட்டார்கள். கணக்கு சரி, விடை தப்பு. இந்த முறை ஆடுகிறவர்கள் ஆண்டுக்கு ஒன்றிரண்டு நாள் இதைச் சகித்துத்தான் ஆக வேண்டும்.

இரண்டாவது வழி, ஸ்கிரீன் வைப்பதாகப் போக்குக் காட்டிவிட்டு உயரக்காரர் முன்கூட்டியே நழுவுவது. காவலர் வெளியே வந்துகொண்டிருக்கும் அரை விநாடியில் கூடைப் பக்கம் வெறும் தரை.

ஆஃபன்ஸில் என்ன மாற்றினார்கள்?

உண்மையான மாற்றம் இங்கேதான், டிஃபென்ஸில் இல்லை. பென்னட்டின் பழைய முறை "பிளாக்கர்–மூவர்". இரண்டு மூன்று பேர் ஸ்கிரீன் வைப்பார்கள், மற்றவர்கள் அதைச் சுற்றி ஓடிக்கொண்டே இருப்பார்கள். கைலுக்கு இது சட்டை தைத்ததுபோல் பொருந்தும். ஆனால் எதிரணி எல்லா ஸ்கிரீனிலும் காக்கும் ஆளை மாற்றிக்கொண்டால் முறை திணறும், கடிகாரமும் ஓடிவிடும்.

அதனால் 2018–19-இல் தொடர்ச்சியான பந்து-ஸ்கிரீன் முறையை அதிகமாகச் சேர்த்தார்கள். ஜெரோம் ஒரு பக்கம் ஸ்கிரீனில் வருவார், ஒன்றும் திறக்காவிட்டால் பந்து மறுபக்கம் போகும், அங்கே உடனே இன்னொரு ஸ்கிரீன். கிளார்க் பந்தை மேலே கொண்டுவர ஆரம்பித்ததும் ஜெரோமுக்கு மூச்சு விட இடம் கிடைத்தது. கைல், ஜெரோம், ஹன்ட்டர் மூவரும் மூன்று-புள்ளியில் 40 சதவீதத்தை ஒட்டியோ தாண்டியோ போட்டதால் ஒருவரை விட்டு மற்றவருக்கு உதவப் போக முடியவில்லை. கென்பாம் என்ற புள்ளிவிவரத் தளத்தின் திறன் கணக்கில் (ஒரு பொசஷனுக்கு எவ்வளவு புள்ளி என்பது) அணியின் ஆஃபன்ஸ் தேசத்தில் 2-ஆம் இடம், டிஃபென்ஸ் 5-ஆம் இடம். "டிஃபென்ஸ் அணி" என்ற பட்டப்பெயரை நம்பியவர்களுக்கு இந்த வரிசை தலைகீழாகத் தெரியும். மார்ச் 4 அன்று சிராக்யூஸின் ஸோனுக்கு (ஆளுக்குப் பதில் இடத்தைக் காக்கும் டிஃபென்ஸ்) எதிராக 18 மூன்று-புள்ளி போட்டதைப் பார்த்தவர்களுக்கு ஆச்சரியம் இருக்காது.

மூன்றாவது தோல்வி?

ஏசிசி கோப்பை அரையிறுதி, ஃபுளோரிடா ஸ்டேட், 59–69. யூஎம்பிசியிடம் தோற்ற அதே சார்லட் நகரம் என்பதால் பத்திரிகைகளுக்கு நல்ல தீனி. அதைத் தாண்டி ஒன்றும் இல்லை. முதலிட அந்தஸ்து போகவில்லை.

தேசியப் போட்டியின் முதல் ஆட்டத்தில் மறுபடியும் பயந்தார்களா?

பயந்தார்கள் என்றுதான் ஸ்கோர் சொல்கிறது. மார்ச் 22, சவுத் கரோலினாவின் கொலம்பியா நகரம், எதிரே 16-ஆம் இடத்து கார்ட்னர்-வெப். முதல் பாதியில் வர்ஜீனியா 14 புள்ளி பின்தங்கியது. இடைவேளையில் 30–36. பிறகு இரண்டாம் பாதியை 41–20 என்று எடுத்து 71–56-இல் முடித்தார்கள். முந்தைய ஆண்டோடு வித்தியாசம் என்னவென்றால், பின்தங்கியபோது வெளியிலிருந்து அவசரப்படாமல் பந்தை ஹன்ட்டருக்கும் டியாகிட்டேக்கும் உள்ளே கொடுத்தார்கள். ஹன்ட்டர் 23 புள்ளி, டியாகிட்டே 17. அடுத்து ஓக்லஹோமா 63–51, ஓரிகன் 53–49.

பர்டியூ ஆட்டத்தின் கடைசி 5.9 விநாடியில் நடந்தது என்ன?

லூயிவில் நகரம், காலிறுதி. பர்டியூவின் கார்சன் எட்வர்ட்ஸ் 42 புள்ளி எடுத்தார், 10 மூன்று-புள்ளி. பேக்லைன் எட்டாத தூரத்திலிருந்து, கையை முகத்துக்கு நேரே நீட்டினாலும் போட்டுக்கொண்டிருந்தார்.

5.9 விநாடி இருக்கும்போது பர்டியூ 70–67 என்று முன்னிலை. ஜெரோமுக்கு இரண்டு ஃப்ரீ த்ரோ. முதலாவது விழுந்தது. இரண்டாவது தவறியது. டியாகிட்டே பந்தைப் பிடிக்க முடியாமல் பின்னால் தட்டிவிட்டார். அது தன் அணியின் பாதிக்குள் உருண்டது. கிளார்க் துரத்திப் பிடித்துத் திரும்பினார். பக்கத்திலேயே ஜெரோம் கையைத் தூக்கிப் பந்தைக் கேட்கிறார், எதிரே கைல். இருவரையும் விட்டுவிட்டு, அரை மைதானம் தாண்டி டியாகிட்டேக்கு ஒரே நேர்க்கோட்டுப் பாஸ். டியாகிட்டே வாங்கின வேகத்தில் எறிந்தார், மணி அடித்தது, பந்து விழுந்தது. 70–70. கூடுதல் நேரத்தில் 80–75.

பர்டியூ ஏன் ஃபவுல் செய்யவில்லை என்று கேட்பார்கள். பந்து தளர்வாக ஓடிக்கொண்டிருக்கும்போது யாரை ஃபவுல் செய்வது? கிளார்க் பந்தைத் தொட்டு விடுவதற்கு இடையில் ஆள் நெருங்க நேரமே இல்லை.

ஆபர்ன் ஆட்டத்தில் நடுவர் வர்ஜீனியாவுக்கு உதவினார்களா?

இந்தக் கேள்விதான் எங்கும் சண்டையாகிறது. ஏப்ரல் 6, மினியாபொலிஸ், அரையிறுதி. ஐந்து நிமிடம் இருக்கும்போது வர்ஜீனியா 10 முன்னிலை. ஆபர்ன் தொடர்ந்து 14 புள்ளி எடுத்து 61–57 ஆக்கியது. கைல் மூலையிலிருந்து மூன்று போட்டு 61–60. ஜாரெட் ஹார்ப்பர் இரண்டு ஃப்ரீ த்ரோவில் ஒன்று போட்டு 62–60.

அடுத்து ஜெரோம் டிரிபிள் செய்து வரும்போது பந்து காலில் பட்டுத் தெறித்தது. இரண்டு கையாலும் பிடித்து மறுபடி டிரிபிள் செய்தார். அது டபுள் டிரிபிள் என்ற விதிமீறல், மறுஒளிபரப்பில் தெளிவாகத் தெரிகிறது. நடுவர் ஊதவில்லை. வீடியோ பார்த்துத் திருத்தக்கூடிய பட்டியலில் டிரிபிள் தவறு இல்லை, அதனால் அது அப்படியே போயிற்று. அதற்குச் சற்று முன்பு ஆபர்ன் ஆட்டக்காரர் ஜெரோமின் சட்டையைப் பிடித்ததும் ஊதப்படவில்லை என்று வர்ஜீனியாக்காரர்கள் சொல்வதும் சரிதான்.

கடைசி ஃபவுல் வேறு விஷயம். 1.5 விநாடி இருக்கும்போது பந்து உள்ளே வந்து, கைல் மூலையில் எறிய எழும்பினார். சமீர் டவுட்டியின் உடல் அவர் இறங்கும் இடத்துக்குள் போனது. எழும்பியவர் இறங்க இடம் விட வேண்டும் என்பது விதி. கையைத் தொட்டாரா இல்லையா என்பது இங்கே பேச்சே இல்லை. ஃபவுல் சரியான தீர்ப்பு. 0.6 விநாடி, மூன்று ஃப்ரீ த்ரோ. இரண்டு விழுந்ததும் ஆபர்ன் டைம்-அவுட் எடுத்துக் காக்கவைத்தது. மூன்றாவதும் விழுந்தது. 63–62. 80 சதவீதத்துக்கு மேல் போடுகிற ஒருவருக்கே மூன்றும் விழ வாய்ப்பு பாதிக்குச் சற்று மேல்தான்.

இறுதி ஆட்டம்?

ஏப்ரல் 8, டெக்சஸ் டெக். அந்த ஆண்டின் மிகக் கடினமான டிஃபென்ஸ். 10 முன்னிலையை வர்ஜீனியா மறுபடி கோட்டைவிட்டது. 65–68 என்றிருந்தபோது, கடைசி 15 விநாடிக்குள் ஜெரோம் உள்ளே புகுந்து காவலர்களை இழுத்து வெளியே கொடுக்க, மூலையில் ஹன்ட்டர் மூன்று போட்டார். கூடுதல் நேரத்தில் வர்ஜீனியா 12 ஃப்ரீ த்ரோவுக்கு 12. முடிவு 85–77. ஹன்ட்டர் 27 புள்ளி, அதுவே அவருடைய கல்லூரி வாழ்வின் உச்சம்; கைல் 24, ஜெரோம் 16 புள்ளி 8 அசிஸ்ட். சிறந்த ஆட்டக்காரர் விருது கைலுக்குப் போனது. இறுதி ஆட்டம் மட்டும் கணக்கென்றால் ஹன்ட்டருக்குத்தான் போயிருக்க வேண்டும் என்பது எங்கள் எண்ணம்.

எல்லாம் அதிர்ஷ்டம்தானே?

கடைசி மூன்று ஆட்டமும் வழுக்குப் பாறையில் நடந்தவை, மறுப்பதற்கில்லை. மூன்றிலும் கடைசி 20 விநாடிக்குள் பின்தங்கியிருந்தார்கள். ஆனால் அதிர்ஷ்டம் வேலை செய்ய அருகில் நிற்க வேண்டும். 2018-இல் அவர்கள் அருகில்கூட இல்லை. முந்தைய ஆண்டு துரதிர்ஷ்டத்தை மட்டும் குறை சொன்னவர்களும், இந்த ஆண்டு மன உறுதியை மட்டும் புகழ்ந்தவர்களும் ஒரே தப்பைச் செய்கிறார்கள்: ஹன்ட்டரின் மணிக்கட்டையும் புதிய ஆஃபன்ஸையும் இருவருமே விட்டுவிடுகிறார்கள்.

பிறகு என்ன ஆனது?

ஹன்ட்டர் 4-ஆவது, ஜெரோம் 24-ஆவது, கைல் 55-ஆவது இடத்தில் என்பிஏவுக்குத் தேர்வானார்கள். பென்னட் அந்த ஆண்டு ஊதிய உயர்வை மறுத்து, பணத்தை உதவிப் பயிற்சியாளர்களுக்கும் அணிக்கும் கொடுக்கச் சொன்னார். 2020 போட்டி கொரோனாவால் ரத்து. 2021-இல் ஒஹாயோவிடமும், 2023-இல் ஃபர்மனிடம் ஒரே புள்ளியிலும், 2024-இல் கொலராடோ ஸ்டேட்டிடம் 42–67 என்றும் முதல் ஆட்டத்திலேயே வெளியேறியது. பட்டத்துக்குப் பிறகு பென்னட் தேசியப் போட்டியில் ஒரு ஆட்டம்கூட வெல்லவில்லை. 2024 அக்டோபரில், சீசன் தொடங்கச் சில வாரமே இருக்கும்போது ஓய்வு பெற்றார். 2025-இல் வர்ஜீனியா நியமித்த பயிற்சியாளர் ரயன் ஓடம். 2018-இல் யூஎம்பிசியின் பயிற்சியாளர் அவரேதான்!

இன்று இப்படி ஒரு அணியைக் கட்ட முடியுமா?

இதே வழியில் கடினம். அன்று கல்லூரி மாறினால் பொதுவாக ஓராண்டு உட்கார வேண்டும். கீ சிறப்பு அனுமதி வாங்கித்தான் உடனே ஆடினார். 2021 முதல் மாறியவுடன் ஆடலாம், பெயரையும் படத்தையும் வைத்துச் சம்பாதிக்கலாம். முதலாண்டில் உட்கார்ந்து காத்திருந்த ஹன்ட்டர் போன்றவரை இன்று இன்னொரு கல்லூரி பணத்தோடு கூப்பிட்டிருக்கும். பேக்லைனுக்கு வேண்டியது ஒன்றாகக் கழித்த ஆண்டுகள். சந்தையில் கிடைக்காத ஒரே சரக்கு அதுதான்.

6.75 மீட்டர் கோட்டில், 24 விநாடி விதியில் ஆடும் அணிகளுக்கு இது ஒத்துவருமா?

ஒத்துவரும், அளவை மாற்றினால். பழைய கல்லூரிக் கோட்டில், 16 அடி உள்கோட்டில் நிற்கும் காவலர் எறிபவரை எட்ட ஐந்து அடிக்குச் சற்றுக் குறைவாக ஓடினால் போதும். 6.75-இல் அது ஆறு அடியைத் தாண்டும். அதனால் உள்கோட்டை 17 அடிக்குத் தள்ளுங்கள், எதிரணியின் நல்ல எறியாளர் ஒருவரை மட்டும் கோட்டுக்கு வெளியே ஒட்டியே காக்கச் சொல்லுங்கள். 24 விநாடி உங்களுக்குச் சாதகம்: எதிரணி முதல் 15 விநாடியில் நுழைய இடைவெளியைக் கண்டுபிடிக்காவிட்டால் பிறகு அவசர எறிதல்தான்.

எந்த ஆட்டத்தை முதலில் பார்ப்பது?

பர்டியூ. இரண்டாவது முறை பார்க்கும்போது பந்தை விட்டுவிட்டு, அதற்கு மறுபக்கம் நிற்கும் வர்ஜீனியா காவலரின் கால்களை மட்டும் பாருங்கள். பாஸ் காற்றில் இருக்கும்போதே அவர் நகர்ந்திருப்பார். பிப்ரவரி 9 டியூக் ஆட்டத்தில் அதே இடத்தைப் பார்த்தால், எவ்வளவு சின்னத் தாமதத்தில் 13 மூன்று-புள்ளி விழும் என்பதும் தெரியும்.